நீரின் வரவும் செலவும்: பருவநிலை மாற்றத்துக்குச் சித்தூர், திருப்பதி காட்டும் வழி

(கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று 2021 நவம்பர் 19 அதிகாலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரையைக் கடந்தது. அதனால் பெய்த பெருமழை திருப்பதி நகரத்தை வெள்ளக்காடாக்கியது. ஆண்டின் பெரும்பகுதி மணற்படுகையாகவே காட்சியளிக்கும் சுவர்ணமுகி ஆறு கரைபுரண்டு ஓடியது. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதைகள் மூடப்பட்டன. இரண்டு நாள் கழித்து, இராமச்சந்திராபுரம் மண்டலத்தில் உள்ள பழம்பெரும் இராயலசெருவு ஏரியின் கரையில் நீர்க்கசிவு காணப்பட்டது. கரைக்குக் கீழே இருந்த சிற்றூர்களின் மக்கள் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். மணல் மூட்டைகளைக் கொண்டு கரை காக்கப்பட்டது. அதே மழையில் அண்டை மாவட்டமான கடப்பாவில் செய்யேற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணையோ உடைந்தே போயிற்று, உயிர்களும் பறிபோயின.

இம்மழை பெய்த நிலம் எது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1973-74-ஆம் ஆண்டில் மத்திய அரசு வறட்சி வாய்ப்புள்ள பகுதிகளுக்கான திட்டத்தைத் தொடங்கியபோது, அனந்தப்பூர், கர்நூல், கடப்பா ஆகியவற்றோடு சித்தூரும் அத்திட்டத்தில் இடம்பெற்றது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சம் இராயலசீமை மண்ணில் ஆழ்ந்த வடுவை விட்டுச் சென்றது. வறட்சிப் பட்டியலில் இடம்பெற்ற ஒரு வட்டாரம் வெள்ள நிவாரணப் பட்டியலிலும் இடம்பெறுகிறது. பருவநிலை மாற்றம் என்பதன் பொருள் இங்குள்ள உழவருக்கு இந்த இரட்டை நிலையே ஆகும். அரசு, தொழில் நிறுவனங்கள், இளைஞர் ஆகிய முத்தரப்பினரும் இதனை எவ்வாறு எதிர்கொள்ள இயலும் என்பதை, இவ்வட்டாரத்திலேயே நடந்தேறிய முயற்சிகளைக் கொண்டு ஆராய்வது இவ்வுரையின் நோக்கம். சித்தூர் வட்டாரம் என்று இங்கே குறிப்பிடுவது, 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமாவதற்கு முன்பிருந்த பழைய சித்தூர் மாவட்டத்தையும் அதைச் சூழ்ந்த பகுதியையும் ஆகும்.

மாறுவது என்ன?

1850-1900 காலத்துடன் ஒப்பிடுகையில், 2011-2020 காலத்தில் புவியின் மேற்பரப்பு வெப்பநிலை சராசரியாக 1.1 டிகிரி செல்சியஸ் உயர்ந்துவிட்டது என்று பருவநிலை மாற்றம் குறித்த பன்னாட்டு அரசுக் குழு தனது ஆறாவது மதிப்பீட்டில் கூறியது. 2024-ஆம் ஆண்டு, அளவீடுகள் தொடங்கிய பிறகு உலகம் கண்ட மிக வெப்பமான ஆண்டாக அமைந்தது. இந்தியாவைப் பொறுத்தவரை, 1901 முதல் 2018 வரை சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி உயர்ந்துள்ளதாகப் புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீடு தெரிவிக்கிறது.

வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று தாங்கிக்கொள்ளக் கூடிய நீராவியின் அளவு சுமார் 7 சதவீதம் உயரும். ஆகவே, மழை பெய்யும்போது கொட்டித் தீர்ப்பதும், பெய்யாத நாட்களில் மண்ணின் ஈரம் விரைவாக உலர்ந்து போவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளாகும். ஆண்டு மழையின் மொத்த அளவில் பெரிய மாறுதல் இல்லாதிருக்கும்போதுகூட, அது பெய்யும் நாட்களின் எண்ணிக்கை குறைந்து, ஒவ்வொரு நாளின் வேகமும் கூடுமாயின், உழவின் கணக்கு முழுவதும் தவறிப் போகும்.

சித்தூர் வட்டாரம் தென்மேற்கு, வடகிழக்கு என்ற இரு பருவமழைகளையும் பெறும் நிலப்பகுதி. ஆண்டுச் சராசரி மழை 900 மில்லிமீட்டரை ஒட்டியது. இங்கே நீண்ட காலமாக மானாவாரிப் பயிர்களில் முதலிடம் வகித்தது நிலக்கடலை. ஜூலை மாதத்தில் விதைக்கப்படும் கடலைக்கு, விழுது இறங்கிக் காய் பிடிக்கும் வேளையில் மழை வேண்டும். அப்போது மழை தவறினால் காய் பொக்காகிவிடும். தவறிய மழை அறுவடைக் காலத்தில் வந்து சேருமாயின், பிடுங்கிப் போட்ட செடியிலேயே காய் முளைத்துவிடும். இந்த இரண்டு இழப்பையும் ஒரே ஆண்டில் சந்திப்பவர்கள் சிறு, குறு விவசாயிகளே என்பது கவனிக்கத்தக்கது.

இம்மாற்றங்களை ஆராயும் அறிவியல் கூடமும் இவ்வட்டாரத்திலேயே உள்ளது. திருப்பதிக்கு அருகே காதங்கியில், விண்வெளித் துறையின் கீழ் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இயங்குகிறது. 1992-இல் தோற்றுவிக்கப்பட்ட இந்நிறுவனத்தின் பெரிய ரேடார் 53 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குவது. 1024 யாகி அலைவாங்கிகளைக் கொண்டது. அடிவளி மண்டலம் முதல் இடைமண்டலம் வரை காற்றின் போக்கை அது கண்காணிக்கிறது. வானத்தை அளக்கும் திறன் இங்கு உள்ளது. நிலத்தின் அடியில் உள்ள நீரை ஊர்தோறும் அளக்கும் திறன்தான் வளர வேண்டியுள்ளது.

கல்வெட்டுகள் கூறும் பொருளாதாரம்

இம்மண்ணுக்கு நீர்க் கணக்கு புதியதன்று. திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. விஜயநகர அரசு ஓங்கியிருந்த 15, 16-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த கல்வெட்டுகளை ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெயின், 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் அரிய பொருளாதார உண்மையை எடுத்துக் காட்டினார். அடியார்கள் அமுதுபடிக்கென அளித்த பொன்னைக் கோயில் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. கோயிலுக்குரிய சிற்றூர்களில் ஏரி வெட்டவும் கால்வாய் திருத்தவும் அப்பொன் செலவிடப்பட்டது. நீர் பெருகியதால் விளைச்சல் கூடியது. கூடுதல் விளைச்சலில் கிடைத்த வருவாயிலிருந்து, பொன் கொடுத்தவரின் பெயரால் அமுதுபடி தொடர்ந்து நடந்தது.

இக்கால மொழியில் கூறுவதானால், இது நீர்வளத்தில் செய்யப்பட்ட மூலதன முதலீடு. முதலீட்டின் பலனை உழவரும் கோயிலும் பகிர்ந்துகொண்டனர். அமுதுபடி ஆண்டுதோறும் நடைபெற வேண்டியிருந்ததால், வாய்க்காலைப் பழுதடைய விடாமல் காப்பதும் கோயிலின் நலனாயிற்று. ஏரியைக் காப்பதற்கென நிலம் ஒதுக்கும் வழக்கமும் தென்னகம் எங்கும் இருந்தது. அதனைத் தமிழ்க் கல்வெட்டுகள் ஏரிப்பட்டி என்று குறிக்கின்றன.

ஒரு பணியைக் கட்டி முடிப்பதற்கு நிதி கிடைப்பது அரிதன்று. கட்டியதை ஆண்டுதோறும் பராமரிக்க யார் பொறுப்பு, எந்த வருவாயிலிருந்து அச்செலவைச் செய்வது என்ற வினாவுக்கு விடை கிடைப்பதே அரிது. இராயலசெருவின் கரையில் 2021-இல் எழுந்த அச்சம் இந்த வினாவைத்தான் மீண்டும் எழுப்பியது. நகரத்துக்குள்ளும் இதே நிலைதான். வரத்துக்கால்களும் ஏரிப்பரப்பும் வீட்டு மனைகளாக மாறிய இடங்களில், மழைநீர் தன் பழைய வழியைத் தேடித் தெருக்களில் புகுந்தது.

அரசின் பங்கு

இவ்வட்டாரத்தின் நீர்ப் பற்றாக்குறையைப் போக்க அரசுகள் செய்துள்ள முதலீடு சிறிதன்று. கிருஷ்ணை நதியின் நீரை ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்திலிருந்து ஏற்றிக் கொணரும் ஹந்திரி–நீவா திட்டம், 40 டி.எம்.சி. நீரைக் கொண்டு இராயலசீமையில் 6 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் அளிக்கும் நோக்கம் உடையது. 2025-இல் அந்நீர் மாநிலத்தின் தென்கோடியான குப்பம் பகுதியை எட்டியது. திருப்பதி நகரின் குடிநீர்த் தேவைக்குக் கல்யாணி அணையும் தெலுங்கு கங்கையும் துணைநிற்கின்றன. 2003-இல் ஆந்திர அரசு நுண்ணீர்ப் பாசனத்துக்கென ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது; இத்துறையில் அது ஒரு முன்னோடி முயற்சி. 2002-இல் நீர், நிலம், மரங்கள் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது.

எனினும், நீரைக் கொண்டு வருவது ஒரு பாதிப் பணியே. இங்குள்ள பாசனத்தில் பெரும்பங்கு ஆழ்துளைக் கிணறுகளைச் சார்ந்தது. அடியில் இருப்பதோ கருங்கல் பாறை. பாறையின் வெடிப்புகளிலும் மேலே சிதைந்த அடுக்கிலும் தங்கும் நீரே கிணற்றுக்கு வருவது. ஒரு கிணறு வற்றினால், விவசாயி கடன் பெற்று மற்றொன்றை ஆழமாகத் தோண்டுகிறார். அண்டை நிலத்தவரும் அவ்வாறே செய்கிறார். நீர் கூடுவதில்லை, கடன் மட்டும் கூடுகிறது. 2004 முதல் ஆந்திராவில் வேளாண் மின்சாரம் இலவசமாக வழங்கப்படுகிறது. இதனால் சிறு விவசாயி பெற்ற நிம்மதி மறுக்கக் கூடியதன்று. ஆனால் இறைக்கும் ஒவ்வொரு குடம் நீருக்கும் செலவு ஏதுமில்லை என்ற நிலையில், சிக்கனத்தைத் தூண்டும் விலை என்ற கருவி மறைந்துவிடுகிறது. சொட்டு நீர்ப் பாசனத்தால் மிச்சமாகும் நீரும், கணக்கு இல்லாத இடத்தில், மேலும் ஒரு ஏக்கரைப் பயிரிடவே செலவாகிறது.

ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். ஒரு ஹெக்டேர் நிலத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 ஆயிரம் லிட்டர் நீர் கிடைக்கும். 900 மில்லிமீட்டர் மழை 90 லட்சம் லிட்டரைத் தரும். கடினப் பாறை நிலத்தில் இதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே, அதாவது 9 லட்சம் லிட்டரே, நிலத்தடியில் சேரும் எனக் கொள்ளலாம். ஒரு ஹெக்டேர் நெல்லுக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர், அதாவது 120 லட்சம் லிட்டர் நீர் தேவை. வயலிலிருந்து மீண்டும் நிலத்தடிக்குக் கசிவதைக் கழிக்காமல் பார்த்தால், கிணற்று நீரை மட்டும் நம்பி ஒரு ஹெக்டேர் நெல் பயிரிடுபவர், 13 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தின் ஆண்டுச் சேமிப்பைச் செலவிடுகிறார். சுமார் 500 மில்லிமீட்டரில் விளையும் நிலக்கடலைக்கு இதில் பாதிக்கும் குறைவே போதும். இக்கணக்கை ஊரார் அனைவரும் அறிந்திருந்தால் பயிர்த் தேர்வு எவ்வாறு மாறும்?

இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சி 2003-இல் தொடங்கியது. ஆந்திரப் பிரதேசத்தில் நிலத்தடி நீரை விவசாயிகளே நிர்வகிக்கும் திட்டம் ஒன்று, நெதர்லாந்து அரசின் உதவியுடனும் பின்னர் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையுடனும், சித்தூர் உள்ளிட்ட 7 வறட்சி மாவட்டங்களில் சுமார் 650 ஊர்களில் நடத்தப்பட்டது. இத்திட்டம் அணை கட்டவில்லை, மானியம் வழங்கவில்லை, எந்தப் பயிரையும் தடை செய்யவில்லை. விவசாயிகளுக்கு அளக்கக் கற்றுக் கொடுத்தது. அவ்வளவே.

ஊர்களில் மழைமானிகள் நிறுவப்பட்டன. குறிப்பிட்ட கிணறுகளின் நீர்மட்டத்தை ஆண்களும் பெண்களுமாகத் தன்னார்வ விவசாயிகள் 15 நாளுக்கு ஒருமுறை அளந்து, அனைவரும் காணுமாறு பலகையில் எழுதினர். தென்மேற்குப் பருவமழை முடிந்ததும், ரபி விதைப்புக்கு முன், ஊரார் கூடினர். பெய்த மழை, உயர்ந்த நீர்மட்டம், ஊரின் கிணறுகள், ஒவ்வொருவரும் பயிரிட எண்ணியுள்ள பரப்பு ஆகியவற்றைக் கொண்டு அப்பருவத்துக்கான நீரின் வரவு–செலவுத் திட்டம் தயாரிக்கப்பட்டது. பற்றாக்குறை என்று கணக்கு காட்டினால் யார் நெல்லைக் குறைப்பது என்று எவரும் கட்டளையிடவில்லை. தன் கிணறு நடுப்பருவத்தில் வற்றிப் பயிர் கருகுவதை விரும்பாத விவசாயி, தானே நெற்பரப்பைக் குறைத்து, குறைந்த நீரில் விளையும் பயிர்களை நாடினார்.

இதன் பலனை உலக வங்கி 2010-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று மதிப்பிட்டது. அளவீடு நடந்த நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் 42 சதவீதத்தில் ரபி பருவ நீர் இறைப்பு மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து குறைந்தது. 51 சதவீதத்தில் அவ்வப்போது குறைந்தது. 7 சதவீதத்தில் மட்டுமே அது கூடியது. சட்டத்தாலும் விலையாலும் எளிதில் சாதிக்க இயலாத ஒன்றை, ஒரு மழைமானியும் கரும்பலகையும் சாதித்தன என்று கூறுவது மிகையாகாது.

ஆனால் இக்கதையின் பிற்பகுதியையும் மறைத்தல் ஆகாது. திட்டத்துக்கான நிதியுதவி முடிந்த பின், பல ஊர்களில் அளவீடு தளர்ந்தது என்பதைப் பின்னர் ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்துள்ளனர். அளப்பவருக்குச் சிறு ஊக்கத்தொகை, பழுதான கருவியை மாற்றும் செலவு, ஆண்டுக்கொரு பயிற்சி ஆகியவற்றுக்கு எந்தக் கணக்குத் தலைப்பிலும் இடம் இல்லாமற் போயிற்று. இங்கு உருவான முறையின் சாயலை, 2019 டிசம்பரில் தொடங்கப்பட்ட அடல் பூஜல் திட்டத்தில் காணலாம். 6000 கோடி ரூபாய் மதிப்பில் 7 மாநிலங்களில் தொடங்கப்பட்ட அத்திட்டம், ஊராட்சிதோறும் நீர் வரவு–செலவு தயாரிப்பதை ஓர் அடிப்படைப் பணியாகக் கொண்டது. சித்தூரின் அண்டை மாவட்டமான கோலார் அதில் இடம்பெற்றது. முறையை முன்னரே பயின்று காட்டிய ஆந்திரம் அந்த 7 மாநிலங்களுள் இல்லை.

ஆகவே, அரசின் முதற்கடமை புதிய பணிகளைத் தொடங்குவது மட்டுமன்று. நடந்த பணியை நிலைபெறச் செய்வதாகும். பதினைந்தாவது நிதிக் குழு 2021-26 காலத்துக்குப் பரிந்துரைத்த ஊராட்சி மானியத்தில் ஒரு பகுதி, குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது. இத்தகைய நிதியிலிருந்து நீரை அளக்கும் பணிக்கும் ஒரு சிறு பங்கு நிலையாக ஒதுக்கப்படுமாயின், பெரும் முதலீடுகளின் பயன் பன்மடங்காகும். மின்சாரத்திலும் புதிய வழி உண்டு. குஜராத்தின் கேடா மாவட்டத்தைச் சேர்ந்த துண்டி கிராமத்தில், சூரிய சக்திப் பம்புகளை உடைய விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, பாசனத்துக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு விற்றுக் காட்டினர். இறைக்காத நீருக்கும் ஒரு வருவாய் உண்டு என்ற நிலை ஏற்படும்போது, இலவச மின்சாரத்தைப் பறிக்காமலேயே சிக்கனம் வளர முடியும்.

தொழில் நிறுவனங்களின் பங்கு

வறட்சியைத் தாங்கும் பொருட்டுச் சித்தூர் விவசாயிகள் பலர் நிலக்கடலையிலிருந்து மாமரத்துக்கு மாறினர். தமிழகத்தில் கிளிமூக்கு, பெங்களூரா என்று வழங்கும் தோத்தாபுரி வகையே இங்கு மிகுதி. அதனை வாங்கிக் கூழாக்கி ஏற்றுமதி செய்யும் ஆலைகள் சித்தூரைச் சுற்றி வளர்ந்தன. கிருஷ்ணகிரியும் இத்தொழிலில் இதற்கு இணையான மையம். ஆழ வேரூன்றும் மரப்பயிர் பருவநிலை மாற்றத்துக்கு ஏற்ற தேர்வுதான். ஆனால் சந்தையின் இடர் அதனால் நீங்கிவிடவில்லை. 2025-ஆம் ஆண்டுப் பருவத்தில் தோத்தாபுரியின் விலை வீழ்ந்தபோது, மாநில அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று நிர்ணயித்து, அதில் 8 ரூபாயை ஆலைகளும் 4 ரூபாயை அரசும் ஏற்பதென அறிவிக்க வேண்டியதாயிற்று.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. பருவநிலைக்கு ஏற்பப் பயிரை மாற்றிக்கொண்ட விவசாயி, முழு இடரையும் தனியே சுமக்க இயலாது. ஆலைகள் பருவத்துக்கு முன்பே கொள்முதல் அளவையும் குறைந்தபட்ச விலையையும் ஒப்பந்தத்தால் உறுதி செய்தல், ஆலையில் மிஞ்சும் தோலையும் கொட்டையையும் குப்பையாகக் கொட்டாமல் சாண எரிவாயு முறையில் எரிபொருளாக்குதல், தோட்டங்களின் மழைநீர் சேமிப்புக்கு உதவுதல் ஆகியன ஆலைகளின் நலனுக்கும் உகந்தவை. தோட்டம் காய்ந்தால் ஆலைக்கும் வேலை இல்லை.

2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் உள்ள பங்குச் சந்தை நிறுவனங்கள், சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றிய அறிக்கையை 2022-23 முதல் கட்டாயமாக வெளியிட வேண்டும். இச்சட்டங்களின் பயன் மரக்கன்று நடும் விழாவோடு முடிந்துவிடக் கூடாது. 1985-இல் தொடங்கப்பட்ட அமர ராஜா நிறுவனம் முதல் தடா அருகே அமைந்த ஸ்ரீசிட்டி தொழில் நகரம் வரை, இவ்வட்டாரத்தில் பெருந்தொழில்கள் வளர்ந்துள்ளன. ஒவ்வோர் ஆலையும் எடுத்த நீர், திரும்பத் தந்த நீர் என்ற இரு எண்களை ஊராட்சியின் பலகையிலும் எழுதுமாயின், ஊரின் கணக்கும் முழுமை பெறும்.

திருமலையும் இவ்வகையில் ஒரு பெரிய நிறுவனமே. அங்கே நாள்தோறும் பல்லாயிரம் பேருக்கு உணவு சமைக்கப்படுகிறது. 2002-இல் அங்கு அமைக்கப்பட்ட சூரிய நீராவிச் சமையற்கூடம், சூரியனைத் தொடர்ந்து திரும்பும் 106 குழிவு வட்டுகளைக் கொண்டு நாளொன்றுக்கு 4000 கிலோ நீராவி தந்து, ஏறத்தாழ 15 ஆயிரம் பேருக்குச் சமைக்கும் திறனுடையதாக வடிவமைக்கப்பட்டது. அந்நாளில் உலகின் மிகப் பெரிய சூரியச் சமையல் அமைப்புகளுள் ஒன்றாக அது பேசப்பட்டது. 2022 ஜூன் 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் திருமலையில் முற்றிலும் தடை செய்யப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில் மலைப்பாதையில் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. மலை இறங்கும்போது பிரேக் பிடிப்பதால் வீணாகும் ஆற்றலில் ஒரு பகுதியை இவை மீண்டும் மின்கலத்தில் சேமித்துக் கொள்கின்றன. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வரும் அடியார்கள் இவற்றைக் கண்ணால் கண்டு செல்கின்றனர் என்பதும் ஒரு பயனே.

இளைஞர்களின் பங்கு

உலக சராசரியோடு ஒப்பிட்டால் ஓர் இந்தியர் வெளியிடும் கரியமில வாயு பாதிக்கும் குறைவு. ஆயினும், 2070-ஆம் ஆண்டுக்குள் நிகர வெளியேற்றத்தைச் சுழியம் ஆக்குவது என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் இந்தியா உறுதியளித்துள்ளது. மின் உற்பத்தித் திறனில் பாதியைப் புதைபடிவம் அல்லாத வழிகளில் அமைப்பதென்ற 2030-ஆம் ஆண்டு இலக்கு, 2025 ஜூன் மாதத்திலேயே எட்டப்பட்டது. 2070-இல் இவ்வுறுதியின் நிறைவைக் காணப்போகிறவர்கள் இன்று பள்ளியில் பயில்பவர்களே.

மதனப்பள்ளிக்கு அருகே, ஜித்து கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளியின் சுற்றுப்புறம் ஒரு காலத்தில் மொட்டைப் பாறைகளும் முட்புதருமாய் இருந்தது. பல ஆண்டு மரம் வளர்ப்பாலும் மண் காப்பாலும் அப்பள்ளத்தாக்கு பசுமை பெற்று, 1991-இல் பறவைகள் காப்பிடமாகவும் அறிவிக்கப்பட்டது. ஒரு தலைமுறை மாணவர்கள் நட்ட கன்றை அடுத்த தலைமுறையினர் காத்தனர். கட்டியதைக் காப்பது என்று முன்னர்க் கூறிய கடினமான பணி, கல்வியின் ஒரு பகுதியாகவே அங்கே அமைந்தது.

இதனை ஏனைய பள்ளிகளும் பின்பற்ற இயலும். ஒரு மழைமானிக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஊரின் மழையையும் நான்கைந்து கிணறுகளின் நீர்மட்டத்தையும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அளந்து பதிவு செய்தால், திட்ட நிதி நின்றதும் அளவீடும் நிற்கும் குறைபாடு நீங்கும். ஆண்டுதோறும் மாணவர்கள் மாறுவர், ஏடு தொடரும். திருப்பதியில் 1954 முதல் இயங்கும் ஸ்ரீவேங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 2015-இல் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகமும், இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும், காதங்கி ஆராய்ச்சிக் கூடமும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவிலேயே உள்ளன. சிற்றூர் மாணவனின் ஏட்டிலுள்ள எண்கள் இந்நிறுவனங்களின் கணினியைச் சென்றடைவது கடினமன்று.

உழவைத் தொழிலாகக் கொள்ள முன்வரும் இளைஞர்களுக்கும் வாய்ப்பு உண்டு. 2016-இல் தொடங்கிய ஆந்திரத்தின் இயற்கை வேளாண்மை இயக்கத்துக்கு 2024-இல் போர்ச்சுகல் நாட்டின் குல்பென்கியன் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. பருவமழைக்கு முன்பே பலவகை விதைகளை விதைத்து நிலத்தை மூடி வைக்கும் முறை அதில் முக்கியமானது. மண் மூடியிருந்தால் பெருமழையில் அரிப்பு குறையும். வறண்ட நாளில் ஈரம் தங்கும். இரட்டை இடருக்கு இரட்டைக் காப்பு இது. ஆயினும், உழவில் போதிய வருவாய் இல்லையெனில் இளைஞர் பெங்களூருக்கும் சென்னைக்கும் செல்வதைக் குறை கூறுதல் பொருந்தாது. நீர்மட்டம் அளப்பது, சூரியப் பம்பு பழுது பார்ப்பது, சொட்டு நீர்க் குழாய் அமைப்பது ஆகியவை ஊதியம் தரும் வேலைகளாக ஊரிலேயே அமைய வேண்டும்.

எல்லை கடந்த நலன்

இவ்வட்டாரத்தின் முயற்சி இவ்வட்டாரத்தோடு நின்றுவிடுவதன்று. கர்நாடகத்தில் தோன்றும் பாலாறு குப்பம் வழியாகவே வேலூர் மாவட்டங்களை அடைகிறது. சித்தூரின் பொன்னையாறு பாலாற்றோடு கலக்கிறது. அம்மப்பள்ளி அணையின் உபரி நீர் கொசஸ்தலை ஆற்றில் இறங்கிப் பூண்டியை நோக்கி வருகிறது. பிச்சாட்டூரில் திறக்கப்படும் ஆரணியாற்று வெள்ளம் திருவள்ளூர் மாவட்டத்துக் கரைகளைச் சோதிக்கிறது. மேல்நிலத்தில் ஏரிகள் செம்மையாக இருந்தால் கீழ்நிலத்தில் வெள்ளத்தின் வேகம் தணியும். மேல்நிலத்தில் நீர் அளவோடு செலவானால் கீழ்நிலத்தின் கிணறுகளும் பிழைக்கும். 1976-இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தத்தம் பங்கிலிருந்து 5 டி.எம்.சி. வீதம் சென்னைக் குடிநீருக்கு விட்டுக் கொடுக்க முன்வந்தன. அந்த இணக்கமே தெலுங்கு கங்கையாயிற்று. நீரைப் பகிர்ந்துகொண்ட மாநிலங்கள், நீரின் கணக்கையும் வெள்ள எச்சரிக்கையையும் பகிர்ந்துகொள்வதில் தடை இருக்க இயலாது.

தொகுத்துக் கூறுவதானால் செய்ய வேண்டுவன நான்கு. முதலாவது, ஊராட்சிதோறும் ஆண்டுதோறும் ரபி விதைப்புக்கு முன் நீரின் வரவு–செலவுத் திட்டத்தைக் கிராம சபையில் படித்தல். இரண்டாவது, ஏரிக்கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால் ஆகியவற்றின் பராமரிப்புக்குப் பழைய ஏரிப்பட்டி போன்று குறையாத நிலை நிதி ஒன்றை ஏற்படுத்துதல். மூன்றாவது, தொழில் நிறுவனங்கள் தம் நீர்க் கணக்கை ஊருக்கு வெளிப்படுத்துவதோடு விவசாயியின் சந்தை இடரிலும் பங்கேற்றல். நான்காவது, அளக்கும் பணியை இளைஞரிடம் ஒப்படைத்து, அதற்குரிய ஊதியத்தையும் மதிப்பையும் அளித்தல்.

இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பொன்னை ஏரியில் இட்டவர்களும், இருபது ஆண்டுகளுக்கு முன் கிணற்றில் அளவு நாடாவை இறக்கியவர்களும் இதே மண்ணைச் சேர்ந்தவர்களே. அடுத்த பெருமழை வரும் ஆண்டையோ அடுத்த வறட்சி வரும் ஆண்டையோ முன்கூட்டி உரைக்க இயலாது. எது முதலில் வந்தாலும், அவ்வாண்டு எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு இருக்கிறது என்று ஊரின் பலகையில் எழுதப்பட்டிருக்குமாயின், விதைக்கும் முன்பே முடிவெடுக்கும் ஆற்றலை விவசாயி பெறுவார். கடன் பெற்று மற்றொரு கிணற்றைத் தோண்டுவதிலிருந்து ஒரு குடும்பத்தைக் காப்பதற்கு அந்த எண்ணே துணையாகும்.